துறையும் தொட்டியும்

இரு நதிகளின் இடையே

கோலாலம்பூர் மாநகரின் மஸ்ஜித் இந்தியா சாலையைத் துணிகளின் சாலை என்றால் தகும். பட்டுச் சேலையும் பருத்தி வேட்டியும், பாத்திக் கைலியும் பாஜு கூரோங்கும், சிறுவர் ஜிப்பாவும் மணமகளின் முகத்திரையும் அங்கே கடைவாயில்களை அலங்கரிக்கின்றன. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முந்தைய வாரங்களில் அச்சாலையில் தோளுரசாமல் நடக்க இயலாது. ஆயினும் துணியின் வாழ்வு கடையோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு நாள் விலைகொடுத்து வாங்கப்படும் ஆடை பன்முறை வெளுக்கப்படுகிறது. வாங்கிய கதை ஒரு நாளைக்குரியது. வெளுத்த கதையோ ஆண்டுக்கணக்கில் நீள்வது. துணி விற்ற வணிகரின் வரலாறு ஓரளவேனும் எழுதப்பட்டிருக்கிறது. துணி வெளுத்தவரின் வரலாறு எழுதப்பட்டது மிகக் குறைவு.

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில், 1857ஆம் ஆண்டில் ஈயச் சுரங்கத் தொழிலாளர் கரையேறியதிலிருந்து தொடங்குகிறது கோலாலம்பூரின் வரலாறு. அக்கூடலுக்குச் சற்று வடக்கே, இரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்ததே மஸ்ஜித் இந்தியா வட்டாரம். 1863ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம்கள் மரத்தால் எழுப்பிய பள்ளிவாசலே அதற்குப் பெயர் தந்தது. 1960களில் அது இன்றைய வடிவில் புதிதாகக் கட்டப்பட்டது. தமிழில் சமய உரை ஒலிக்கும் பள்ளிவாசல் என்பது அதன் சிறப்பு. தொழுகைக்கு நிற்பவரின் உடலும், நிற்கும் இடமும், உடுத்திய ஆடையும் தூய்மையாக இருத்தல் வேண்டும் என்பது இசுலாமிய நெறி. கோயிலுக்குச் செல்பவர் குளித்துத் துவைத்த ஆடை உடுத்துவது இந்துக்களின் மரபு. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது இரு சாராருக்கும் பொதுவான தமிழ்ப் பழமொழி.

அந்தத் தூய்மையை நாள்தோறும் உண்டாக்கித் தந்தவர் யார்? அவர் கையாண்ட முறை யாது? அவர் நின்ற துறையை விட்டு, வீட்டின் ஒரு மூலையில் நிற்கும் மின்தொட்டிக்கு அப்பணி மாறியபோது கிடைத்தது என்ன, இழந்தது என்ன? இவ்வினாக்களுக்கு விடை தேடினால், இன்று இல்லந்தோறும் எழும் சிறிய தொல்லையொன்றின் காரணமும் விளங்கும். துணியைத் தூய்மை செய்யும் இயந்திரமே நாற்றமடிப்பதுதான் அத்தொல்லை.

உவர்மண்ணும் வெள்ளாவியும்

தமிழில் வெளுப்புத் தொழிலின் பதிவு மிகப் பழமையானது. புறநானூற்றின் 311ஆம் பாடல், களர்நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் துணி வெளுக்கும் பெண்ணொருத்தியைக் காட்டுகிறது. குறுந்தொகையும் நற்றிணையும் ஆடைக்குக் கஞ்சிப் பசையேற்றும் வழக்கத்தைக் குறிக்கின்றன. களர்நிலம் பயிருக்கு ஆகாது; ஆனால் வெளுப்புத் தொழிலுக்கு அதுவே செல்வம். அந்நிலத்தின் உவர்மண்ணில் உள்ள காரம் துணியில் படிந்த எண்ணெயையும் வியர்வைக் கொழுப்பையும் கரைய வைக்கும். சோப்புக்கட்டி வருமுன்னரே தமிழர் கண்ட சலவைத்தூள் அதுவே.

ஆனால் காரம் மட்டும் போதாது. உவர்மண் கரைசலில் நனைத்த துணிகளைப் பெரிய பானையின் வாய்மீது அடுக்கி, கீழே அடுப்பெரித்து, எழும் நீராவியை இரவு முழுதும் துணிகளினூடே செலுத்துவர். இதுவே வெள்ளாவி. பொழுது விடிந்ததும் அத்துணிகளைத் துறைக்கு எடுத்துச் சென்று, கல்லில் அடித்து, ஓடும் நீரில் அலசி, மணற்பரப்பிலோ கயிற்றிலோ வெயிலில் விரிப்பர். வெண்துணியாயின் நீலமும் கஞ்சியும் சேரும். ஒரு வேட்டி அழுக்கு மூட்டையிலிருந்து வெளுத்த மடிப்பாகத் திரும்புமுன் காரம், ஆவி, அடி, ஓடும் நீர், காற்று, வெயில் என்னும் ஆறு நிலைகளைக் கடந்தது.

இவ்வாறனுள் கடைசி இரண்டும் மனிதர் கையில் இல்லை. அந்த உண்மையின்மேல் எழுந்ததே சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் திருக்குறிப்புத் தொண்ட நாயனாரின் வரலாறு. காஞ்சியில் அடியார்களின் ஆடைகளை வெளுத்துத் தரும் தொண்டு பூண்டவர் அவர். ஒருநாள் கந்தையுடுத்தி வந்த முதியவர் ஒருவர், பொழுது சாயுமுன் உலர்த்தித் தருவதானால் தம் ஆடையைத் தருவதாகச் சொன்னார். நாயனார் பெற்றுத் துவைத்தார். உலர்த்தும் வேளையில் வானம் திறந்து மழை விடாது பெய்தது. பொழுதும் சாய்ந்தது. சொன்ன சொல் தவறியதே என்று, துணி துவைக்கும் கல்லிலேயே அவர் தம் தலையை மோதிக்கொள்ள முற்பட்டபோது இறைவன் கை நீட்டித் தடுத்தான் என்பது புராணம். பக்தியை ஒருபுறம் வைத்துப் பார்த்தாலும், ஒரு தொழிலாளியின் அனுபவ உண்மை அதில் பொதிந்திருக்கிறது. துவைப்பது பாதி வேலை, உலர்த்துவதே மறுபாதி. ஈரமாக நிற்கும் துணி வெளுத்த துணி ஆகாது.

நாயன்மாருள் ஒருவராக வணங்கப்பட்டவரின் தொழிலைச் செய்தோர்க்குச் சமூகம் தந்த இடம் வேறு. பிறப்பு, பூப்பு, திருமணம், இறப்பு ஆகிய எல்லாச் சடங்குகளுக்கும் அவர் வெளுத்துத் தந்த துணி வேண்டும். அவரை வீட்டுக்குள் அழைக்க மட்டும் மனம் வராது. ஒடுக்கப்பட்டோரிலும் ஒடுக்கப்பட்டவராக வைக்கப்பட்ட புதிரை வண்ணார், பகலில் பிறர் கண்ணில் படவும் கூடாது என ஒதுக்கப்பட்டிருந்த கொடுமை 1930களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பதிவாயிற்று. ஊரின் துணிகளுக்கு வெயில் காட்டியவர்க்கு அந்த வெயிலில் நடமாடும் உரிமை இல்லை.

கடல் கடந்த துறை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் புறப்பட்ட கப்பல்களில் தோட்டங்களுக்கும் இரயில் பாதைகளுக்கும் சென்றோர் மட்டும் இல்லை. சலவைத் தொழிலாளரும் இருந்தனர். சிங்கப்பூரில், பின்னாளில் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் எனப்பட்ட ஓடையின் கரையில் அவர்கள் துவைத்தனர். அருகிலிருந்த புல்வெளியில் உலர்த்தினர். அவ்விடம் தோபி காட் எனப் பெயர் பெற்றது. ஓடை கால்வாயாகி, புல்வெளி கட்டடங்களாகி, சலவைத் தொழிலாளர் அகன்ற பின்னும், 1987ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெருவிரைவு இரயில் நிலையத்தின் பெயராக அது நிலைத்துவிட்டது. பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரைக் குடியிருப்பு ஆங்கிலத்தில் தோபி காட் என்றும் தமிழில் வண்ணான்துறை என்றும் வழங்கியது. அங்கே இராமர் கோயில் ஒன்றும் எழுந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தேவை குறைவில்லாதிருந்தது. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரையும் கிள்ளான் பகுதியையும் இணைத்த இரயில் பாதை திறக்கப்பட்டது. அடுத்த பல்லாண்டுகளில் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தது. கஞ்சியிட்ட வெள்ளைச் சீருடையும் மடிப்புக் கலையாத கால்சட்டையும் அக்காலத்து உத்தியோகத்தின் அடையாளங்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு சலவைத் தொழிலாளியின் கரியடுப்பு இருந்தது. தோட்டப்புறத்திலோ கதை வேறு. லயத்துப் பெண்கள் தம் வீட்டாரின் துணிகளைத் தாமே பொதுக் குழாயடியில் துவைத்தனர். பால் வெட்டி வந்த உடையின் கறையோடு போராடிய அக்கைகளுக்குச் சலவைக் கூலி எவரும் தந்ததில்லை.

கடல் கடந்ததால் ஒரு மாற்றம் நேர்ந்தது. வட இந்திய மொழிகளில் ஒரு சாதியின் பெயரான 'தோபி' மலாய் மொழியில் நுழைந்து 'டோபி' ஆயிற்று. அங்கே அது பிறப்பைக் குறிக்காமல் தொழிலைக் குறித்தது. பிறகு கடையைக் குறித்தது. சீனர் நடத்தும் சலவைக் கடையும் டோபி, மலாய்க்காரர் நடத்துவதும் டோபி, இன்று ஆளின்றி நாணயத்தில் இயங்கும் கடையும் டோபி. சட்டமோ கிளர்ச்சியோ இன்றி, இன்னொரு மொழியின் நாவில் புரண்டதனாலேயே ஒரு சாதிச் சொல் தன் இழிவை உதறிற்று. சொற்களின் வரலாற்றில் இது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆயினும் இழிவு அகன்றாலும் பழி முற்றிலும் அகலவில்லை. வெப்ப நாடுகளில் வாழ்ந்த ஐரோப்பியருக்குத் தொடையிடுக்கில் தோன்றிய படர்தாமரைக்கு அவர்கள் இட்ட பெயர் 'தோபி அரிப்பு'. சலவைத் தொழிலாளி பலருடைய துணிகளை ஒன்றாகத் துவைப்பதால் நோய் தொற்றுகிறது என்பது அவர்தம் எண்ணம். அந்நோய்க்குக் காரணமான பூஞ்சை வியர்த்து ஈரமான தோல் மடிப்பில் தானே செழிப்பது. ஈரக்காற்றும் இறுக்கமான உடையுமே அதற்குத் துணை. ஆவியில் வேகவைத்து வெயிலில் காயவைத்தவர்மேல், ஈரத்தில் பிறந்த நோயின் பெயர் ஏறியது. உண்மையான குறை ஒன்று வேறிடத்தில் இருந்தது. யார் துணி யாருடையது என அடையாளமிடச் சேங்கொட்டைச் சாற்றால் குறியிடும் வழக்கம் இருந்தது. அச்சாறு தோலில் கொப்புளம் எழுப்பும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்க்கு ஏற்பட்ட தோல் அழற்சிக்கு அதுவே காரணம் என 1943ஆம் ஆண்டில் மருத்துவர்கள் எழுதினர். குற்றம் மையில் இருந்தது, வெளுப்பில் இல்லை.

தொட்டி வந்த கதை

துறையின் வேலையைத் தொட்டிக்குள் அடக்கும் முயற்சி ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஜெர்மானியரான யாக்கோப் கிறிஸ்டியான் ஷேஃபர் தம் சலவைப்பொறியைப் பற்றிய நூலை 1767ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1782ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹென்றி சிட்ஜியர் சுழலும் உருளை கொண்ட பொறிக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் அமெரிக்காவில் மின்விசை அதனோடு சேர்ந்தது. நீரேற்றல், துவைத்தல், அலசல், பிழிதல் ஆகிய அனைத்தையும் தானே செய்யும் இல்லப்பொறியை 1937ஆம் ஆண்டில் பெண்டிக்ஸ் நிறுவனம் காட்சிக்கு வைத்தது. ஜப்பானில் முதல் மின் சலவைப்பொறி 1930ஆம் ஆண்டில் வந்தது. 1950களில் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றுடன் சேர்த்து அதனை மூன்று திருச்செல்வங்களுள் ஒன்றாக அந்நாட்டினர் போற்றினர்.

பொறிக்கேற்ப மருந்தும் மாறியது. 1907ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பெர்சில் என்னும் சலவைத்தூள் வெளிவந்தது. வெந்நீரில் உயிர்வளியை வெளிவிட்டுக் கறை நீக்கும் பொருள் அதில் கலந்திருந்தது. வெயிலில் விரித்து வெளுக்கும் பயனைப் பொட்டலத்தில் அடைத்த முயற்சி எனலாம். 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டைட் என்னும் செயற்கைச் சலவைத்தூளும், 1959ஆம் ஆண்டில் இந்தியாவில் சர்ஃப் தூளும் விற்பனைக்கு வந்தன. உவர்மண்ணின் நெடுங்கால ஆட்சி முடிவுக்கு வந்தது.

மலேசியத் தமிழர் இல்லங்களுக்கு இயந்திரம் வந்தது அவர்தம் இடப்பெயர்ச்சியோடு பின்னிய கதை. 1960களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், பின்னர் ரப்பர் நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதும், பல குடும்பங்களை நகருக்குத் தள்ளின. லயத்து வாசலில் முற்றமும் கொடிக்கயிறும் இருந்தன. அடுக்குமாடி வீட்டிலோ இரண்டு முழ மாடமும் ஒரு மூங்கிற் கழியும் மட்டுமே. தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் செல்லத் தொடங்கிய பெண்களுக்குச் சலவை இயந்திரம் ஆடம்பரப் பொருள் அன்று. இழந்த காலத்தை மீட்டுத் தந்த துணை. முதலில் வந்தவை இரட்டைத் தொட்டி இயந்திரங்கள். ஒன்றில் துவைத்த துணியைக் கையால் எடுத்து மற்றொன்றில் இட்டுப் பிழிய வேண்டும். அழுக்கு நீர் கண்ணுக்குத் தெரிந்தது. தொட்டியின் அடியையும் கையால் துடைக்க முடிந்தது. அடுத்து வந்த முழுத் தானியங்கி இயந்திரத்தில், துளைகள் நிறைந்த உள்தொட்டி சுழல, நீரைத் தாங்கும் வெளித்தொட்டி அதனைச் சூழ்ந்து மறைந்து நிற்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தை இல்லத்தார் ஒருபோதும் காண்பதில்லை. காணாத இடத்தில்தான் புதிய கதை தொடங்குகிறது.

மூடிய தொட்டியின் நாற்றம்

துறையைக் கழுவ வேண்டியதில்லை. ஆறு ஓடிக்கொண்டிருந்தது, கல் வெயிலில் காய்ந்தது, கசடு நிற்க இடமில்லை. தொட்டியோ மூடிய துறை. துணியிலிருந்து பிரிந்த கொழுப்பு, தோல் துகள், பஞ்சு நூல், கரையாத சலவைத்தூள் ஆகியவை மறைவிடங்களில் மெல்லிய படலமாகப் படிகின்றன. துணிக்கு மென்மை தரும் மணநீர் உண்மையில் கொழுப்புத் தன்மை வாய்ந்தது. அது இப்படலத்தை இன்னும் தடிப்பாக்கும். மலேசியக் குழாய் நீர் பொதுவாக மென்னீர். ஆதலால் தூள் குறைவாகவே போதும். நுரை மிகுந்தால் தூய்மை மிகும் என்று கருதி அள்ளிக் கொட்டும்போது, மிஞ்சிய தூள் படலத்துக்கே உணவாகிறது.

இரண்டாவது காரணம் வெப்பத்தின் மறைவு. ஐரோப்பிய இல்லங்களில் ஒருகாலத்தில் வெண்துணிகளைக் கொதிநிலைக்கு அருகிலேயே துவைத்தனர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிசக்தியைச் சேமிக்கும் எண்ணம் வலுப்பெற, வெப்பநிலை 60, 40, 30 பாகை எனப் படிப்படியாக இறங்கியது. மலேசியாவில் மேல்வாய் இயந்திரங்கள் பெரும்பாலும் குளிர்நீரிலேயே இயங்குகின்றன. மேலும் வெந்நீரில் உயிர்வளியை வெளிவிடும் பொருள் தூளில் இருக்கலாம். திரவச் சலவை மருந்தில் அது இருப்பதில்லை. வெள்ளாவியின் ஆவி அணைந்து, அதற்கு மாற்றாக வந்த வெளுப்பு மருந்தும் நீங்கியபின், நுண்ணுயிர்க்குத் தடையென்ன இருக்கிறது?

மூன்றாவது காரணம் ஈரம். கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. மூடி வைத்த தொட்டியின் உட்புறம் அந்நகரில் தானாக உலர்வது அரிது.

ஈரத்துணியின் புளித்த நாற்றத்துக்குக் காரணமான நுண்ணுயிரை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் இனங்கண்டனர். மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்பது அதன் பெயர். துணியில் எஞ்சிய வியர்வையையும் கொழுப்பையும் உண்டு நாறும் அமிலமொன்றை அது வெளியிடுகிறது. உலர்தலையும் புற ஊதாக் கதிரையும் அது ஓரளவு தாங்கவல்லது. ஆகவே வெயில் மட்டும் போதாது. போதிய வெப்பமும் வேண்டும். காஞ்சித் துறையின் தொழிலாளர் நுண்ணுயிரைக் கண்டாரல்லர். ஆனால் ஆவியையும் வெயிலையும் இணைத்தே பயன்படுத்தினர்.

இது வெறும் நாற்றத்தோடு நிற்கும் செய்தியும் அன்று. ஜெர்மானிய மருத்துவமனை ஒன்றில் 2012, 2013ஆம் ஆண்டுகளில், பச்சிளங்குழந்தைகள் பலரிடம் மருந்துக்கு அடங்காத ஒருவகைக் கிருமி காணப்பட்டது. வழக்கமான இடங்களில் எல்லாம் தேடியும் ஊற்று அகப்படவில்லை. இறுதியில், குழந்தைகளின் பின்னல் தொப்பிகளையும் காலுறைகளையும் துவைத்த, இல்லங்களில் பயன்படும் வகையைச் சேர்ந்த சலவை இயந்திரத்தின் இரப்பர் வளையத்திலும் மருந்திடும் அறையிலும் அக்கிருமி இருப்பது தெரிந்தது. நற்பேறாகக் குழந்தைகள் எவருக்கும் கொடிய நோய் மூளவில்லை. இயந்திரம் அகற்றப்பட்டபின் பரவலும் நின்றது. இதன் ஆய்வு 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நலமான உடலுடையோர்க்கு வீட்டு இயந்திரத்தால் இத்தகைய கேடு நேர்வது அரிது. எனினும் கைக்குழந்தையும் நோயாளியும் முதியோரும் உள்ள இல்லம் இதனை மறக்கலாகாது.

வெள்ளாவியின் நான்கு விதிகள்

அவ்வாறாயின் இயந்திரத்தைத் தூய்மையாக வைத்திருக்கும் வழி யாது? புதிய விதி எதுவும் தேவையில்லை. துறையில் இயல்பாக நிகழ்ந்த நான்கினைத் தொட்டியில் முயன்று நிகழ்த்தினால் போதும்.

முதல் விதி, நீர் தேங்கலாகாது. துவைத்து முடிந்தவுடன் துணியை வெளியே எடுத்துவிட வேண்டும். இரவில் போட்டுக் காலையில் எடுக்கும் வழக்கமே நாற்றத்தின் தாய். முன்வாய் இயந்திரமாயின், கதவைச் சுற்றியுள்ள இரப்பர் வளையத்தின் மடிப்பை விரித்து, தேங்கிய நீரையும் முடியையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். அடியிலுள்ள வடிகட்டியை அவ்வப்போது திறந்து நீரை வடிக்க வேண்டும்.

இரண்டாவது விதி, காற்று உலவ வேண்டும். பயன்படுத்தாத வேளையில் கதவும் மருந்திடும் அறையும் சற்றே திறந்திருத்தல் நன்று. வீட்டில் சிறு குழந்தை இருப்பின், அது உள்ளே புகாவண்ணம் காவல் செய்துகொண்டே இதனைச் செய்ய வேண்டும். அழுக்குத் துணியைச் சேர்த்து வைக்கும் கூடையாக இயந்திரத்தைப் பயன்படுத்துவது, துறையில் குப்பை கொட்டுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது விதி, கசடு நிற்கலாகாது. மருந்திடும் அறையைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுவதும், மேல்வாய் இயந்திரத்தின் பஞ்சுப் பையை ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் கவிழ்த்துக் கழுவுவதும் சில நிமிட வேலைகளே. தூளை அளந்து இடுவதும் மணநீரைக் குறைப்பதும் படலம் தோன்றாமல் தடுக்கும்.

நான்காவது விதி, வெப்பம் வேண்டும். மாதம் ஒருமுறை, துணியின்றி, நீர்சூடேற்றும் வசதியுள்ள இயந்திரத்தை 60 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், உயிர்வளி வெளுப்புத்தூள் இட்டு ஓடவிடுவது வெள்ளாவி இடுவதற்கு நிகர். வசதியில்லாத மேல்வாய் இயந்திரத்தில், கையேடு அனுமதிக்கும் அளவு சூடான நீரை ஊற்றி, தூளிட்டுச் சிறிது நேரம் ஊறவைத்துப் பின் ஓட்டலாம். குளோரின் வெளுப்பு நீரைச் சிலர் பயன்படுத்துவர். அதனோடு புளிக்காடியையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் கலத்தலாகாது, நச்சுவாயு எழும். படலம் முற்றித் துவைத்த துணியில் கருஞ்செதில்கள் ஒட்டும் நிலை வந்துவிட்டால், தொட்டியைக் கழற்றிக் கழுவும் தொழிலாளரை அழைப்பதே வழி.

தூய்மையின் பொறுப்பு

2010களில் கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் தன்சேவைச் சலவைக் கடைகள் பெருகின. மாணவரும் வெளிநாட்டுத் தொழிலாளரும் அடுக்குமாடி வாசிகளும் ஒரே தொட்டியில் அடுத்தடுத்துத் துவைக்கும் பொதுத் துறைகள் அவை. அக்காலத்தில் ஒரு நிகழ்ச்சி நாட்டின் மனச்சான்றைத் தொட்டது. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஜொகூர் மாநிலத்து மூவார் நகரில், ஒரு தன்சேவைச் சலவைக் கடை தூய்மையைக் காரணங்காட்டி முஸ்லிம்களுக்கு மட்டும் என்று அறிவிப்பு வைத்தது. செய்தி பரவவும், ஜொகூர் சுல்தான் அதனைக் கண்டித்து, அவ்வழக்கத்தை உடனே நிறுத்தப் பணித்தார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பை நீக்கினார்.

சாதிப் பெயர் தன் இழிவை உதறிய நாட்டிலேயே, ஒருவர் துணியால் மற்றவர் துணி தீட்டாகும் என்னும் எண்ணம் இயந்திரத்துக்குள் நுழைய முயன்றது. அது தடுக்கப்பட்டது நாட்டுக்குப் பெருமை. வரலாறும் அறிவியலும் இங்கே ஒரே தீர்ப்பை வழங்குகின்றன. தொட்டியை மாசுபடுத்துவது முன்னர் துவைத்தவரின் இனமோ சமயமோ அன்று. தேங்கிய நீரும் எஞ்சிய கசடுமே. அவை எல்லார் வீட்டிலும் ஒன்றுபோலவே நாறும்.

இன்னொரு பாடத்தை ஆறு கற்பித்தது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், சிலாங்கூர் ஆற்றுப் படுகையில் கலந்த கழிவால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு நீர் நின்றது. எத்துணை விலையுயர்ந்த இயந்திரமும் அன்று வெறும் இரும்புப் பெட்டியாக நின்றது. துறை மறைந்துவிட்டது என்று எண்ணியிருந்தோர்க்கு, அது குழாய்க்குள் ஒளிந்திருப்பதை அந்நாள்கள் காட்டின. அளவுக்கு மீறி இடும் தூளும் அதே நீர்வழிகளை நோக்கியே செல்கிறது.

முற்காலத்தில் தூய்மை பிறரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை. செய்தவர்க்குக் கூலி குறைவு. மதிப்பு அதனினும் குறைவு. பழி மட்டும் நிறைவு. இயந்திரம் அந்த அநீதியின் பெரும்பகுதியை நீக்கியது. ஆனால் அவர் செய்துவந்த காவலை அது செய்யவில்லை. அடுப்பை மூட்டியவரும், கல்லைக் காயவிட்டவரும், மழைக்கு அஞ்சி வானத்தைப் பார்த்தவரும் அகன்றபின், அக்காவல் இல்லத்தாரிடமே திரும்பியிருக்கிறது. அதனை வீட்டுப் பெண்களின் தலையில் மட்டும் சுமத்துவது, பழைய அநீதியை வீட்டுக்குள் கொண்டுவருவதாகும். ஆடை உடுத்துவோர் அனைவர்க்கும் உரிய வேலை அது.

மஸ்ஜித் இந்தியாவில் வாங்கிய புத்தாடை பெருநாளன்று ஒளிர்வதில் வியப்பில்லை. அது கடையின் ஒளி. பத்தாம் சலவைக்குப் பின்னும் அது வெளுப்பும் நன்மணமும் குன்றாதிருந்தால், அது உடுத்துவோரின் ஒளி. சலவை முடிந்ததும் இயந்திரத்தின் கதவைத் திறந்து வைத்து, இரப்பர் மடிப்பைத் துடைக்கும் ஆணும் பெண்ணும், பெயர் பதியாத பல தலைமுறைத் தொழிலாளரின் அறிவையே தம் கையால் தொடர்கின்றனர்.